கையை இறக்க ஒரு சாக்கு

அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்ததே பேருந்து நிலையத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஓட்டுநர், நடத்துநர், பழக்கடைக்காரி, கழிப்பறை கூட்டுகிறவர் என்று எல்லாருக்கும் அவள் மைக்கம்மா. இரும்புப் படியேறிப் போனால் மாடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், சத்தம் மட்டும் தாராளமாகத் தரும் ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்து எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதமாக வரும், எது வரவே வராது என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

குரலைக் கேட்டால் தைரியசாலி என்று நினைப்பார்கள். நிதானமான, கனத்த குரல். ஆளோ நேர் எதிர். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்பார்களே, அவளுக்கு அந்தப் புளி எந்நேரமும் ஊறியே கிடந்தது. காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வருவாள், அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போவாள். அணைத்துத்தான் இருக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் போதும், கடைக்கே போன் போட்டுவிடுவாள். "அம்மா, நான் கடைக்குத்தான் வந்திருக்கேன், போருக்கு வரல" என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷன் பேருந்து ஓட்டுநர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் ஓட்டிய வண்டியில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்து விழுந்துவிட்டார். சைக்கிள்காரருக்குக் கால்தான் முறிந்தது. கூட்டம் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓட்டுநரை இருக்கையிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தது. பிழைத்து வந்தான், இடது காது போயிற்று. அதற்குப் பிறகும் பல வருஷம் வண்டி ஓட்டினான். ஆனால் அந்தக் கதையை அவன் சொல்லும் விதம்தான் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"முதல் அடி யார் அடிச்சான்னு தெரியல. ஆனா என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான் பாரு, அவன் விரல் முட்டியெல்லாம் தோல் பிஞ்சிருந்துச்சு. அவனும் என்னை அடிச்சவன்தான்."

"அடிச்சவன் தூக்கிட்டு ஓடினா நல்லவன் ஆயிடுவானா?" என்பாள்.

"நல்லவன்னு நான் சொல்லல. தூக்கினான்னு சொல்றேன்" என்பான்.

பிறகு ஏதோ காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தான். அவன் வேலைக்குப் பதிலாக அவளுக்கு இந்த மைக் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்து கீழே கூட்டத்தைப் பார்க்கிறாள். மேலிருந்து பார்த்தால் கூட்டத்துக்கு முகமே கிடையாது, வெறும் தலைகள்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒன்று தோன்றும். இத்தனை பேரும் இப்போது வரிசையில் நிற்கிறார்கள், பெட்டிக்கு இடம் விடுகிறார்கள், கிழவருக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். எதை நம்பி இப்படி நிற்கிறார்கள்? ஒரு நூல் அறுந்தால் என்ன ஆகும்? அந்த நூல் எது என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அறுந்தால் என்ன ஆகும் என்பது புருஷனின் காதில் தெரிந்திருந்தது.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய நாள் அது. நிலையத்தில் எள் போட்டால் கீழே விழாது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் எல்லார் போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் ஒன்று ஊர் ஊராக வருகிறதாம், யாரோ யாரிடமோ சொன்னது. அரசாங்கமே இல்லை என்று மறுத்த பிறகும் செய்தி நிற்கவில்லை. மறுப்பதைப் பார்த்தால் ஏதோ இருக்கத்தான் செய்யும் என்று பழக்கடைக்காரியே சொன்னாள்.

உச்சி வெயிலில் ஒரு பெண் இரும்புப் படியில் விழுந்தடித்து ஏறி வந்தாள். பெண் குழந்தை, நாலு வயது, மஞ்சள் கவுன். தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்புவதற்குள் பிள்ளையைக் காணவில்லை. மைக்கம்மா அவளை உட்காரவைத்து, அடையாளம் கேட்டு, மைக்கை அழுத்தினாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மஞ்சள் நிற கவுன் அணிந்த நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை." சொல்லி முடித்ததும் கீழே தலைகள் எல்லாம் ஒருமுறை அசைந்தன. தாய் எழுந்து மறுபடி தேடக் கீழே ஓடினாள்.

மைக்கம்மா திரும்பவும் சொன்னாள். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கீழே ஏதோ இறுகுவது போல இருந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்போடு அணைத்தார்கள். ஆண்கள் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்தார்கள். யாரும் தேடியதாக அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்கிறோமோ என்று நினைத்து நாலாவது தடவை சொல்லாமல் நிறுத்தினாள்.

அப்போதுதான் மூன்றாம் மேடைப் பக்கம் சத்தம் எழுந்தது.

ஒரு ஒல்லியான ஆள். நடுத்தர வயது, தோளில் துணிப்பை. கையில் ஒரு சின்னச் செருப்பு, குழந்தைச் செருப்பு. கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் அந்த ஆளின் கையைப் பிடித்து "இது யாரோட செருப்பு? உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டான். அந்த ஆள் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் மேலே செருகியது. அவனுக்குப் பிறவியிலேயே திக்குவாய். இது அங்கே நின்ற யாருக்கும் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அவன் பொய் தேடுகிறவனாகத்தான் தெரிந்தான்.

"வாயில கொழுக்கட்டையா?" என்று ஒருவன் தலையில் தட்டினான். இன்னொருவன் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தான். உள்ளேயிருந்து துணியில் சுற்றிய கத்திகள் விழுந்தன, பெரிதும் சிறிதுமாக, பளபளவென்று.

விருந்துச் சமையலுக்குக் காய் நறுக்குகிறவன் அவன். எந்த ஊரில் வேலை என்றாலும் தன் கத்தியைத் தானே கொண்டுபோவான். அடுத்தவன் கத்தி கைக்கு ஒத்துவராது. இதுவும் பிற்பாடு தெரிந்ததுதான். அந்த நிமிஷத்தில் தெரிந்தது கத்தி மட்டும்.

மைக்கம்மா எழுந்து கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். அறையில் கூட இருந்த நேரக்காப்பாளர் கதவின் தாழ்ப்பாளைப் போட்டார். "அக்கா, கண்ணாடிகிட்ட நிக்காதீங்க. கல்லு வந்தா முதல்ல இங்கதான் வரும்."

"போலீசுக்குச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன். வண்டி கிளம்பிடுச்சுங்கிறாங்க. வாசல்ல இருக்கிற போலீஸ் பூத் பூட்டிக்கிடக்குது. ரெண்டு பேரையும் எங்கேயோ அனுப்பிட்டாங்களாம்."

"வந்து சேர்றதுக்குள்ள அந்த ஆளு போயிடுவான்."

"நாம என்ன பண்ண முடியும்? கீழ போனா நாமளும் சேர்ந்து போவோம்." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

மேலிருந்து பார்த்தபோது ஒன்று அவள் கண்ணில் பட்டது. உள்ளே அடிக்கிறவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களைச் சுற்றி ஒரு வளையம். கையைத் தூக்கி வைத்திருந்தார்கள், பாதிக் கைகள் இறங்கவே இல்லை. அதற்கு வெளியே இன்னொரு வளையம், எட்டி எட்டிப் பார்த்தது. ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவன் முகத்தைத்தான் பார்த்தான். கீழே கிடந்த ஆள் ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையைப் பின்பக்கமாக எங்கேயோ நீட்டினான், அடி விழுந்ததும் இழுத்துக்கொண்டான், மறுபடி நீட்டினான். யாரையோ உதவிக்குக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

அவள் கை தன்னால் மைக்குக்குப் போயிற்று. என்ன சொல்வது? அடிக்காதீர்கள் என்றால் கேட்பார்களா? சட்டம் என்றால்? போலீஸ் வருகிறது என்றால் அதற்குள் முடித்துவிடுவோம் என்று வேகம் கூடினால்? பொத்தானை அழுத்தியபோதுகூட என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காணாமல்போன மஞ்சள் கவுன் அணிந்த குழந்தை பத்திரமாகக் கிடைத்துவிட்டது. குழந்தையின் தாயார் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்."

நேரக்காப்பாளர் வாயைப் பிளந்தார்.

கீழே சத்தம் அடங்கியது. தூக்கிய கைகள் அப்படியே நின்றன, பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கிய கைகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. ஒன்று தலையைச் சொறிந்தது, ஒன்று சட்டையை இழுத்துவிட்டது, ஒன்று பையில் போனைத் தேடியது. யாரோ சிதறிய கத்திகளை ஓரமாகத் தள்ளிவைத்தார். பழக்கடைக்காரி ஒரு சொம்புத் தண்ணீரோடு அடிபட்டவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் மைக்கம்மாவுக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே போய்விட்டது. இரும்புப் படியில் தடதடவென்று கால் சத்தம்.

நேரக்காப்பாளர் தாழ்ப்பாளை நீக்கினார். தாய் உள்ளே வந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

"எங்கக்கா? ஒளிஞ்சிருக்காளா?"

"உட்காரும்மா."

"எங்க இருக்கான்னு சொல்லுங்க."

"தெரியலம்மா." மைக்கம்மாவுக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது. "பொய் சொன்னேன். அந்த ஆளை அடிச்சே கொன்னுடுவாங்கன்னு பயந்துட்டேன். எனக்கு வேற வழி தெரியல."

தாய்க்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. சிரிப்பு முகத்திலேயே நின்று போயிருந்தது. அது கலையும்போது பார்க்க முடியாமல் மைக்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தாய் அவள் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ளைய வெச்சா விளையாடுனீங்க? எம்புள்ளைய வெச்சா?"

அதற்குள் கட்டம் போட்ட சட்டைக்காரன் வாசலில் வந்து நின்றான், பின்னால் இன்னும் சிலர். குழந்தையைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். முகத்தில் ஒரு நல்ல களை இருந்தது. "பாப்பா எங்கம்மா?" என்றான்.

"இல்லையாம்" என்றாள் தாய். "இவங்க பொய் சொன்னாங்களாம்."

அவன் முகம் மாறியது. அவன் விரல் முட்டியில் ரத்தம் காய்ந்திருப்பதை மைக்கம்மா பார்த்தாள். கை மேலே எழுந்தது. அவள் பின்வாங்கக்கூட இடமில்லை. முதுகுக்குப் பின்னால் கண்ணாடி. புருஷனின் காது நினைவுக்கு வந்தது. மகள் இப்போது கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள்.

தாய் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அப்புறமா அடிங்க" என்றாள். கத்தவில்லை. "இவங்களையும் அடிங்க, அந்த ஆளையும் அடிங்க. மொதல்ல எம்புள்ளையத் தேடுங்க. இவ்வளவு பேர் இருக்கீங்களே, ஒருத்தராவது தேடுனீங்களா?"

பின்னால் நின்றவர்களில் ஒருவன் தன் செருப்பைப் பார்த்தான். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டச்சட்டைக்காரன் அதைக் கதவு நிலையில் வைத்துக்கொண்டான்.

மைக்கம்மா மைக்கை எடுத்தாள். எடுத்த வேகத்தில் மைக் மேசையில் இடித்து நிலையம் முழுக்க ஒரு இடிச்சத்தம் கேட்டது. எழுத்து நடை அவளுக்கு வரவில்லை.

"நான் இப்ப சொன்னது பொய். குழந்தை இன்னும் கிடைக்கல. கீழ ஒருத்தரை அடிச்சுட்டிருந்தீங்க, அவர் செத்துடுவாரோன்னு பயந்து சொன்னேன். என்னை என்ன செய்யணுமோ அப்புறம் செஞ்சுக்கங்க. இப்ப தேடணும். நடத்துநர்களெல்லாம் வண்டியை எடுக்காதீங்க. சீட்டுக்கு அடியில பாருங்க. கடைக்காரங்க கதவுக்குப் பின்னாடி பாருங்க. மேடையில நிக்கிறவங்க வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. கத்திக் கூப்பிடாதீங்க, குழந்தை பயந்துக்கும். மெதுவா பாப்பான்னு கூப்பிடுங்க."

கீழே அசைவில்லை. எத்தனையோ முகங்கள் அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தன. இந்த மௌனம் எந்தப் பக்கம் சாயும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. எங்கேயோ ஒரு விசில் ஊதியது. நகரத் தொடங்கியிருந்த ஒரு வண்டியை அதன் நடத்துநர் நிறுத்தினார். வண்டி குலுங்கி நின்றது. அவர் இறங்கி, முழங்காலைத் தரையில் ஊன்றி, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

அவரைப் பார்த்து இன்னொருவர் குனிந்தார். பிறகு ஒரு கல்லூரிப் பெண். பிறகு பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஒரு குடும்பமே. கொஞ்ச நேரத்தில் நிலையம் முழுக்க மனிதர்கள் மண்டியிட்டுக் கிடந்தார்கள். "பாப்பா, பாப்பா" என்று பல குரல்கள் மெல்லக் கேட்டன. கட்டச்சட்டைக்காரன் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடினான்.

கிடைக்கவில்லை. எந்த வண்டியிலும் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை. கழிவுநீர் மூடிகளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு மூடி திறக்கும்போதும் தாய் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மூடிகளைப் பார்க்க மைக்கம்மாவுக்குத் தைரியம் இல்லை. வேறு பக்கம் பார்த்தாள். தூணோரம் சாய்ந்திருந்த காய் நறுக்குகிறவன் கண்ணில் பட்டான். பழக்கடைக்காரி அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு கையை நீட்டிக்கொண்டே இருந்தான். நிலையத்தின் பின்வாசல் பக்கம். அடி வாங்கும்போது நீட்டிய அதே பக்கம்.

அவளுக்குச் சுரீர் என்றது. செருப்பு எங்கே கிடைத்தது என்று கேட்டார்களே தவிர, பதிலுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினாள். அவன் முன்னால் உட்கார்ந்து, "அந்தச் செருப்பு எங்க கிடந்துச்சு?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். உடைந்த பல்லோடு ரத்தம் வழிந்தது. "ப... ப..." என்றான். அதற்குமேல் போகவில்லை.

கூட்டம் திரும்பவும் சுற்றி வளைத்தது. கட்டச்சட்டைக்காரனும் வந்துவிட்டான். "சீக்கிரம் சொல்லுய்யா" என்றான்.

"அவசரப்படுத்தாதீங்க" என்றாள் பழக்கடைக்காரி. "என் தம்பிக்கும் இப்படித்தான். அவசரப்படுத்துனா சுத்தமா வராது. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நின்னு சும்மா இருங்க."

அவர்கள் தள்ளி நின்றார்கள், சும்மா இருந்தார்கள். அங்கே இருந்த அத்தனை பேரும் ஒரு மனிதனின் வாயிலிருந்து ஒரு சொல் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அதன் அம்மா தட்டிக் கொடுத்தாள். அவன் கண்ணை மூடி, தொடையில் விரலால் தாளம் போல் தட்டி, தட்டி, "பச்சை வண்டி" என்றான். பிறகு இன்னொரு முறை மூச்சு இழுத்து, "ப... பணிமனைக்கு."

பின்வாசலருகே ஒரு பச்சை வண்டி நின்றிருந்தது. அதன் படிக்குக் கீழே செருப்பு கிடந்தது. அவன் குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பயணிகள் இல்லாமல், பணிமனை என்ற பலகையோடு, பழுது பார்க்க. பிள்ளை உள்ளே இருக்கும் என்று தோன்றியும் ஓட்டுநரைக் கூப்பிட அவனுக்குச் சொல் வரவில்லை. செருப்பை அலுவலகத்தில் கொடுத்துக் கையைக் காட்டிச் சொல்லலாம் என்று வந்தான். இவ்வளவும் சொல்லி முடிக்கப் பொறுமை இருந்தது, நேரம் இல்லை. கண்ணாடி மூடிய வண்டி, உச்சி வெயில். பாதி கேட்கும்போதே ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் பணிமனை. ஒரு கும்பல் புழுதி பறக்க ஓடிவருவதைப் பார்த்த காவலாளி, வண்டிகளைக் கொளுத்த வருகிறார்கள் என்று நினைத்து இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். முன்னால் ஓடிவந்த தாயின் முகத்தைப் பார்த்துத்தான் திறந்தார்.

மைக்கம்மாவால் ஓட முடியவில்லை. பின்வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை வரிசையாகப் பச்சை வண்டிகள் வெயிலில் தகித்துக்கொண்டிருந்தன. ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. எங்கேயோ கண்ணாடி உடைந்தது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அந்த அமைதியில் அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது போல இருந்தது. நாம் சொன்ன பொய்யால் போன நேரத்தில் அந்தப் பிள்ளை போய்விட்டது என்று நினைத்தாள். பொய் சொல்லாவிட்டால் அந்த ஆள் போயிருப்பான், அவனோடு அந்தச் சொல்லும் போயிருக்கும். எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு அவள் தலையில்தான் வந்து நின்றது.

கட்டச்சட்டைக்காரன் ஒரு வண்டியிலிருந்து இறங்கினான். தோளில் மஞ்சள் கவுன். குழந்தையின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. முகம் தக்காளியாகச் சிவந்து, முடி நனைந்து ஒட்டியிருந்தது. யாரோ நர்சு ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கவுனைத் தளர்த்தி, ஈரத்துணி கேட்டாள். எத்தனையோ கைகள் துணியை நீட்டின. குழந்தை ஒருமுறை நெளிந்தது. பிறகு அவன் கட்டச்சட்டை முழுக்க வாந்தி எடுத்தது.

அதைவிட நல்ல காட்சியை மைக்கம்மா தன் ஆயுளில் பார்த்ததில்லை. சுவரோடு சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டச்சட்டைக்காரன் தண்ணீர் கேன் போடுகிறவன். அவனுடைய சரக்கு வண்டியிலிருந்து கேன்களை இறக்கிப் போட்டுவிட்டு, தாயையும் பிள்ளையையும் முன்னால் ஏற்றினார்கள், காய் நறுக்குகிறவனைப் பின்னால் படுக்கவைத்தார்கள். போலீஸ் வண்டி வந்தபோது இந்த வண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாழ்வாரத்தில் நிலையத்து ஆட்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே அவளிடம் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "நான் போதும் போதும்னு சொன்னேங்க. யாரும் கேட்கல." முதலில் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாரும் சொல்லியிருந்தால் பிறகு அடித்தது யார்? யோசித்துப் பார்த்தபோது, அவர்கள் பொய் சொல்லவில்லை என்று பட்டது. சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காத அளவுக்குச் சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் மகள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "நீ சொன்னதும் எப்படிம்மா நிறுத்தினாங்க? பிள்ளை கிடைச்சா என்ன, கத்தி வெச்சிருக்கிறவன் கத்தி வெச்சிருக்கிறவன்தானே? வெறி பிடிச்சவங்க இன்னும் ரெண்டு போட்டிருக்கலாமே."

"எனக்கும் அதான் புரியல. மேல இருந்து பார்த்தேன்ல. கையை இறக்க ஒரு சாக்குக் கிடைக்காதான்னு காத்துக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சுடி. தூக்குறது சுலபமா இருக்கு, எல்லாரும் தூக்குறாங்கன்னு தூக்கிடுறாங்க. இறக்குறதுக்குத்தான் யாராவது முதல்ல வேணும்."

"அப்போ மனுஷங்க நல்லவங்கன்னு சொல்ற."

"அப்படிச் சொல்லல" என்றாள். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். இதே பதிலைப் பல வருஷம் முன்னால் வேறொருவர் வாயால் கேட்டது அவளுக்கு நினைவிருந்தது. மகளிடம் சொல்லவில்லை. "கரண்ட் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சியா? தினமும் அந்த நேரத்துக்குத்தான் போகும். இன்னிக்குப் போகல. அவ்வளவுதான் வித்தியாசம்." அன்று ராத்திரி மட்டும் அல்ல, வெகுநாள் அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்தவை நல்லதும் கெட்டதுமாகக் கலந்தே நடந்தன. காய் நறுக்குகிறவனுக்கு விலாவில் எலும்பு முறிவு, வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. தன்னை அடித்தவர்களில் இரண்டு பேரை அவன் போலீசுக்கு அடையாளம் காட்டினான். மூன்றாவதாகக் கட்டச்சட்டைக்காரன் தானே போய் நின்று, "நானும் அடிச்சேன்" என்றான். வழக்கு நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அவன் தினம் கஞ்சி கொண்டுபோனான். காய் நறுக்குகிறவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கஞ்சி ஆறிப் போயிற்று. ஒரு நாள் குடித்தான். மன்னித்தானா என்று கேட்டால், பசித்தது என்று சொல்லியிருப்பான்.

பொய் அறிவிப்புக்காக மைக்கம்மாவை விசாரித்தார்கள். அதிகாரி கடுமையானவர் இல்லை. "மறுபடியும் இந்த மாதிரி நிலைமை வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "வரக் கூடாதுன்னு வேண்டிக்குவேங்க" என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். கடைசியில், மைக்கில் சொல்வதை மக்கள் நம்ப வேண்டும் என்று காரணம் சொல்லி, கொஞ்ச காலத்துக்கு அவளைக் கீழே விசாரணைச் சாளரத்துக்கு மாற்றினார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது. மாடியில் வேறு ஒரு பெண் பேசினாள். கீழே வந்த பிறகு தலைகளுக்குப் பதில் முகங்கள் தெரிந்தன. அதனால் பயம் குறைந்ததா என்றால், இல்லை. வேறு மாதிரி ஆயிற்று.

சில மாதங்கள் கழித்துக் குழந்தையின் தாய் சாளரத்துக்கு வந்தாள், தனியாக. மைக்கம்மா அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. கதவைச் சாத்துனா மட்டும் அழறா." தாய் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். பஸ்ல வர்றப்போ எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இங்க வந்து அந்தப் படியைப் பார்த்ததும் வாய் வரல. அதுல ஏறி வந்தேனே, அவ்வளவு சந்தோஷமா என் வாழ்க்கையில நான் எங்கயும் ஏறினதில்லக்கா. அதை என்னால மன்னிக்க முடியல. நீங்க செஞ்சது சரின்னு எனக்குத் தெரியுது. ஆனாலும் முடியல."

"மன்னிக்க வேண்டாம்மா" என்றாள் மைக்கம்மா. "எனக்கும் அது போகல."

வெளியே யாரோ ஒருவர் சாளரத்தைத் தட்டி ஒரு வண்டி எப்போது வரும் என்று கேட்டார். மைக்கம்மா சொன்னாள். திரும்பியபோது தாய் இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். யோசித்துவிட்டு அவளிடமும் நீட்டினாள். மைக்கம்மா வாங்கிக் குடித்தாள்.